பாலனுக்குச் சேர்த்த வைக்கோல்

என் வயசுக்காரங்களுக்குத்தான் இதச் சொல்றேன். கண்ணாடி இல்லாம செபப் புத்தகம் படிக்க முடியாத, கோயில் படியேறினா முழங்கால் முணுமுணுக்கிற வயசுக்காரங்களுக்கு. சின்னப் புள்ளைங்களுக்கு இது தேவையில்ல. அவங்களுக்கு இந்த வருசம் எங்க பங்குல அழகா ஒரு அட்ட அடிச்சுக் குடுத்திருக்காங்க. மேல 'பாலனுக்கு என் பரிசு'ன்னு தலைப்பு, கீழ இருபத்தி நாலு கட்டம். ஒரு நல்ல காரியம் பண்ணினா ஒரு கட்டத்துல டிக் போடணும். பக்கத்து வீட்டுச் சின்னவ டிசம்பர் ரெண்டாந் திகதியே இருபத்தி நாலுக்கும் டிக் போட்டுட்டு வந்து என் முன்னால நீட்டுறா.

"ஏன்டி, அதுக்குள்ள அத்தனையும் பண்ணிட்டியா?"

"பண்ணத்தானே போறேன் ஆன்ட்டி. இப்பவே போட்டு வச்சா வேல முடிஞ்சுதுல்ல?"

அவங்கம்மா காதத் திருகப் பாஞ்சாங்க. நான்தான் குறுக்க விழுந்து தடுத்தேன். அந்தப் புள்ளையத் திட்ட எனக்கு வாய் வரல. திட்டுற யோக்கியத எனக்கு இருந்தாத்தானே வரும்!

எங்க தோட்டம் திம்புள்ளைக்கு மேல. அப்ப எனக்குப் பத்து வயசு, புதுநன்மங்கிற மொத நற்கருண வாங்கி ஒரு வருசம் ஆயிருந்துச்சு. எங்க லயம் ஒரே கூரைக்குக் கீழ வரிசையா எட்டுக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். அதுல வேதக்காரங்க மூணு குடும்பம், மத்ததெல்லாம் சைவம். தோட்டம் முழுக்க எண்ணினா நாப்பது வேதக்காரக் குடும்பம் இருந்திருக்கும். எங்களுக்குன்னு தகரம் போட்ட ஒரு சின்ன மாதா கோயில், கொழுந்து மலைக்கு ஓரத்துல. டவுன்ல இருந்து சாமி மாசத்துக்கு ஒரு தடவ பூசைக்கு வருவாரு. மத்த நாளெல்லாம் உபதேசியார் ராஜ்ஜியம்தான். சாமி இல்லாதப்ப செபம் சொல்றது, எங்களுக்கு ஞானோபதேசம் படிச்சுக் குடுக்கிறது, சத்தம் போட்டாக் குட்டுறது எல்லாம் அவரு வேல. நல்ல மனுசன்தான். ஆனா அவரு செபமால சொல்ல ஆரம்பிச்சா எதிர் மலையில கொழுந்து எடுக்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க, அப்படி ஒரு தொண்ட.

அந்த வருசம் டிசம்பர் மாசம் பொறந்ததும் உபதேசியார் எங்க எல்லாரையும் உக்கார வச்சுச் சொன்னாரு.

"ராசாக்கமாரு ஏசு பாலனுக்குத் தங்கம் கொண்டாந்தாங்க, சாம்பிராணி கொண்டாந்தாங்க. நம்மகிட்ட என்னா இருக்கு? ஒன்னும் இல்ல. அதனால நீங்க ஒறுத்தல் குடுக்கப் போறீங்க."

ஒறுத்தல்னா தெரியும்ல? பிடிச்ச ஒன்ன பாலனுக்காக விட்டுக் குடுக்கிறது. இல்லேன்னா பிடிக்காத ஒன்ன முணுமுணுக்காமச் செய்யிறது. ஒரு ஒறுத்தலுக்கு ஒரு வைக்கோல். கிறிஸ்மஸ நாங்க நத்தார்னுதான் சொல்லுவோம். நத்தார் வரைக்கும் சேத்த வைக்கோல்லதான் பாலனுக்கு மெத்த. எத்தன ஒறுத்தலோ அத்தன மெத்துன்னு இருக்கும் அவருக்கு.

இப்ப நீங்க கேப்பீங்க, தேயிலத் தோட்டத்துல வைக்கோலுக்கு எங்க போறதுன்னு. சுத்திப் பாத்தா தேயில, தேயிலைக்கு அந்தப் பக்கமும் தேயில. வயல நாங்க யாரும் கண்ணாலயும் கண்டதில்ல. ஆனா அட்டன் டவுன்ல பீங்கான் கட வச்சிருந்த முஸ்லிம் நானா ஒருத்தரு இருந்தாரு. கோப்ப, பீங்கானு ஒடையாம இருக்கப் பெட்டிக்குள்ள வைக்கோல் வச்சு வரும். உபதேசியார் போய்க் கேட்டதுக்கு நானா, "ஈஸா நபிக்கு மெத்தையா? அள்ளிட்டுப் போங்க வாத்தியாரே"ன்னு ஒரு சாக்கு நெறைய அமுக்கிக் குடுத்திருக்காரு. சாக்க அவுத்தப்ப ஒரு வாசம் வந்துச்சு பாருங்க. புழுதியும் வெயிலும் கலந்த மாதிரி. டிசம்பர் மாசத்துப் பனிக்குள்ள அந்த வாசத்த மோந்து பாக்கவே புள்ளைங்க சாக்கச் சுத்தி முட்டி மோதிக்கிட்டு நின்னோம்.

ஆளுக்கொரு கலர்ல கம்பளி நூல் குடுத்தாங்க. எனக்கு நீலம். எடுத்த வைக்கோலக் கட்டி அவங்கவங்க நூலால சுத்தி, பாலன் பொறந்த கொட்டில் மாதிரி கோயில்ல போட்டிருந்த குடிலுக்குள்ள வைக்கணும். சாக்கு கோயில் மூலையிலயே இருக்கும். "நான் காவலுக்கு நிக்கப் போறதில்ல. நீங்களே எடுத்துக்கங்க, ஆண்டவனுக்குத் தெரியும்"ன்னுட்டாரு உபதேசியார். பாவம், அவரு எங்கள நம்பினாரு.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. "யாரு கட்டு பெருசா இருக்கோ, அவங்கதான் நத்தார் பூசையில பாலனத் தூக்கிக்கிட்டு வரணும்"ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. அவ்வளவுதான், எனக்குத் தல கிறுகிறுன்னு ஆயிருச்சு.

அந்தப் பாலன் சுருவத்தப் பத்திச் சொல்லணும். எங்க கோயில்லயே அழகான சாமான் அது ஒன்னுதான். வருசம் முழுக்க ஒரு பிஸ்கட் தகரத்துக்குள்ள பஞ்சு சுத்திப் படுத்திருக்கும். கன்னத்துல ரோஸ் கலரு, கண்ணாடிக் கண்ணு, எடது கையில சுண்டு விரல் மட்டும் ஒடஞ்சிருக்கும். நத்தாருக்கு வெளிய எடுப்பாங்க, ராசாக்கள் திருநாள் முடிஞ்சதும் உள்ள போயிரும். நாங்க யாரும் அதத் தொட்டதே கிடையாது. மூணு வயசுல இருந்து அதத் தொடணும், ஒரு தடவ தூக்கணும்னு எனக்கு ஆச. எனக்குத் தம்பி தங்கச்சி இல்ல, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

எனக்குப் போட்டி, அடுத்த காம்பராவுல இருந்த மாமா மக. அவளுக்கும் பத்து வயசு. அவளுக்குச் செவப்பு நூல்.

ஒறுத்தல் பண்ண ஆரம்பிச்சோம். ஐயையோ, அந்த மாதிரி ஒரு மாசம் அந்த லயம் அதுக்கு முன்னாலயும் கண்டதில்ல, பின்னாலயும் கண்டதில்ல. நாங்க அப்பல்லாம் குடிச்ச பாலில்லாத டீயில, சாயத்தண்ணியில, சீனி போட மாட்டோம். உள்ளங்கையில கொஞ்சம் சீனிய வச்சு, நக்கிக்கிட்டே குடிக்கிறது. அந்தச் சீனிய நான் விட்டேன், ஒரு வைக்கோல். விடியக்காலம் மலத்தண்ணி விழுற பீலியில போயி விரலு மரத்துப் போற தண்ணியில கொடத்த நெறச்சேன், ஒரு வைக்கோல். அட்ட கடிச்ச எடத்தச் சொறியாம உக்காந்திருந்தேன், அதுக்கு ரெண்டு எடுத்தேன். அது ரெண்டுக்குப் பெறும், கடி வாங்கினவங்களுக்குத் தெரியும்.

பெரியவங்களுக்கு ஒன்னும் புரியல. ஒறுத்தல வெளிய சொன்னாப் பலன் போயிரும்னு உபதேசியார் சொல்லியிருந்ததால நாங்க யாரும் வாயத் தொறக்கல. நான் சீனி வேணாங்கிறதப் பாத்துட்டு அம்மா பயந்துட்டாங்க.

"சீனி வேணாங்கிற புள்ளைய நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். வயித்துல பூச்சி இருக்கு" அப்படின்னு சொல்லி, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கிட்டுப் போயி, ஒரு முழுங்கு பூச்சி மருந்து வாங்கி வாயில ஊத்திட்டாங்க. அது கொடலப் பொரட்டுற கசப்பு. முணுமுணுக்காமக் குடிச்சேன். அதுக்கும் ஒரு வைக்கோல் எடுத்துக்கிட்டேன், விடுவேனா!

இது வரைக்கும் ஒழுங்காத்தான் போச்சு. கெட்டது எங்கன்னா, ஒரு நாள் அந்தியில அம்மா கொழுந்து நிறுத்துட்டு வந்து கூடைய எறிஞ்ச எடத்துல.

"இருபது கிலோ இருக்கும், கைக்குத் தெரியாதா எனக்கு? தண்ணிக்கு ரெண்டாம், சாக்குக்கு ஒன்னாம். கழிச்சிட்டான் படுபாவி!"

இது எங்க வீட்டுல தெனம் கேக்குற பாட்டுத்தான். ஈரக் கொழுந்துன்னு சொல்லித் தராசுல கழிக்காத நாளே கிடையாது. ஆனா அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள ஒன்னு சுருக்குன்னுச்சு. இங்க கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையே இவ்வளவு கழிச்சா, மோட்சத்துல எவ்வளவு கழிப்பாங்க? நான் சீனிய விட்டது நெசந்தான். ஆனா நடுவுல ரெண்டு தரம் சீனிப் போத்தல்ல வெரல விட்டு நக்கியிருந்தேன். அதக் கழிப்பாங்க. தண்ணி தூக்குறப்ப மனசுக்குள்ள அம்மாவத் திட்டினேன். அதையும் கழிப்பாங்க. கடைசியில என் கட்டுல என்னாதான் மிஞ்சும்?

அதனால கழிவுக்குன்னு சொல்லி முன்கூட்டியே பத்து வைக்கோல் கூட எடுத்து வச்சேன். சிரிக்காதீங்க! எனக்கு அது திருட்டாவே தோணல, முன்யோசனையாத்தான் தோணுச்சு. ரெண்டு நாள் கழிச்சு மாமா மகளோட செவப்புக் கட்டு என்னோடதவிடக் குண்டா இருந்ததப் பாத்தேன். இன்னொரு பத்து வச்சேன். அது கழிவுக்கு இல்லன்னு எனக்கே தெரியும். அதுக்கப்புறம் நான் எண்ணுறதையே விட்டுட்டேன்.

இருபத்தி நாலாந் திகதி பின்னேரம் செபம் முடிஞ்சதும் உபதேசியார் கட்டுகள ஒன்னொன்னா கையில தூக்கிப் பாத்தாரு. என் நீலக் கட்டு அவரு கைக்குள்ள அடங்கல.

"அடேயப்பா! நாளைக்குப் பாலனத் தூக்கப் போறது இந்தப் புள்ளதான்!"

அம்மா எல்லாரும் பாக்க என்னக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. பூச்சி மருந்து குடுத்தத நெனச்சுத்தான் அழுதாங்கன்னு நெனக்கிறேன். அப்பா இருக்காரே, அவரு நேரா லயத்துக்கு ஓடிப்போயி காம்பரா காம்பராவா, சைவக்காரங்க வீட்டையும் விடாம, "எம்மகதான் நாளைக்கு பாலனத் தூக்குது!"ன்னு சொல்லிட்டு வந்தாரு. மாமா மக மட்டும் என்னையே மொறச்சுப் பாத்தா. ஆனா ஒன்னும் சொல்லல. அவ சும்மா இருந்தது எனக்கு அப்பவே விசித்திரமா இருந்துச்சு.

அப்பா சொன்னதக் கேட்டுட்டு மாட்டுக்கார அத்த எங்க வீட்டுக்கு வந்தாங்க. எங்க லயத்துக் கடைசிக் காம்பரா அவங்களோடது. சொந்த அத்த இல்ல, சைவக்காரங்க, ஆனா எல்லாப் புள்ளைங்களுக்கும் அத்ததான். புருசன் செத்துட்டாரு, புள்ள குட்டி கிடையாது. கொழுந்து எடுக்கிறது போக, லயத்துக்குப் பின்னால ஒரு கொட்டில் போட்டு ஒரு ஜேசி மாடு வச்சிருந்தாங்க. அவங்க பேசுறது பாதி மனுசங்களோட, மீதி அந்த மாட்டோட. அன்னைக்கு ஒரு செம்பு நெறையப் பால் கொண்டாந்து வச்சுட்டு, என் கன்னத்தக் கிள்ளினாங்க.

"சாமியத் தூக்குற கை இது. எத்தன நல்லது பண்ணியிருந்தாக் குடுப்பாங்க, சும்மாவா?"

அந்தப் பால் எனக்கு எறங்கல. சத்தியமா எறங்கல.

அதனால வெளிச்சம் மங்குறதுக்கு முன்னால, பீலிக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு கோயிலுக்கு ஓடினேன். கதவுக்குப் பூட்டு கிடையாது, வெளிய ஒரு தாப்பாள் மட்டும். உள்ள போயி என் கட்ட அவுத்து, பொய்யா வச்ச வைக்கோல மட்டும் உருவிட்டா பாலனத் தூக்கலாம், மனசு உறுத்தாதுன்னு என் திட்டம். அவுத்துப் பாத்தா, எது நெசம் எது பொய்னு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே வைக்கோல்! பூச்சி மருந்துக்கு எடுத்தது எது, மாமா மக மேல இருந்த பொறாமைக்கு எடுத்தது எது? கைக்கு வந்தத உருவிக்கிட்டே இருந்தேன். அப்பப் பாத்து வெளிய பாதையோட போற உபதேசியார் இருமுற சத்தம். விழுந்தடிச்சு ஓடி வந்துட்டேன். தாப்பாள் போடல. போடலேங்கிறதே அப்ப எனக்குத் தெரியல.

நத்தார் காலம்பற எங்கள எழுப்புனது கோயில் மணி இல்ல, உபதேசியாரோட தொண்டதான். லயமே கோயிலுக்கு ஓடுச்சு.

கோயிலுக்குள்ள, குடிலுக்கு முன்னால, மாட்டுக்கார அத்தையோட மாடு காலை மடக்கிப் படுத்து சாவகாசமா அச போட்டுக்கிட்டிருந்துச்சு. குடில்ல ஒரு துரும்பு வைக்கோல் இல்ல. நாங்க சேத்து வச்ச அத்தன ஒறுத்தலும் அது வயித்துக்குள்ள. பொம்ம இடையர்கள் எல்லாம் குப்புற விழுந்து கெடந்தாங்க. சூசையப்பர் மொகத்துல மாடு நக்கின எச்சி. மாட்டோட வாயோரத்துல என் நீல நூல் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கோயில் நடுவுல ஒரு பெரிய சாணி வேற!

உபதேசியாருக்கு வந்த கோவம் இருக்கே! "என் கோயில்! நத்தாரும் அதுவுமா!"ன்னு கத்துறாரு. மாட்டுக்கார அத்த அறுந்த கயித்தக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க.

"நான் கட்டிட்டுத்தான் படுத்தேன் ஐயா. அறுத்துக்கிட்டு வந்தது மாடு பண்ணின தப்புத்தான், இல்லேங்கல. ஆனா கதவ யாரு தொறந்தது? தாப்பாள் நீக்க என் மாட்டுக்குக் கையா இருக்கு?"

"கொம்பால நீக்கியிருக்கும்!"

"அதுக்குக் கொம்பு தீச்சு ரெண்டு வருசமாச்சேய்யா!"

உபதேசியார் கேக்குற நெலமையில இல்ல. அங்கயே உக்காந்து தோட்டத்த நடத்துற தொரைக்கு ஒரு கடுதாசி எழுதிட்டாரு. கோயில அசிங்கப்படுத்துன மாட்டத் தோட்டத்த விட்டு அப்புறப்படுத்தணும்னு. பெரிய கணக்கப்பிள்ளையும் வேதக்காரரு, பூசைக்கு வருவாரு. அவரு கையில குடுத்தா கடுதாசி தொரைக்குப் போயிரும். தொர ஒரு வார்த்த சொன்னாப் போதும், மாடு போயிரும். கதவத் தொறந்த கை என் கவுன் பொக்கெட்டுக்குள்ள இருந்துச்சு.

சாக்குல இன்னும் கொஞ்சம் வைக்கோல் மிச்சம் இருந்துச்சு. சாமிக்கு நாலு தோட்டத்துல பூசை, எங்களுக்குப் பதினோரு மணிக்குத்தான் முற. உபதேசியார் எங்களப் பாத்து, "பதினோரு மணி வர டைம் இருக்கு. போங்க! போய் ஒறுத்தல் பண்ணுங்க!"ன்னு வெரட்டினாரு.

அடுத்த ரெண்டு மணி நேரம் எங்க லயத்துல நடந்தத நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். புதுச் சட்ட போட்ட முப்பது புள்ளைங்க, நல்லது பண்ண ஆள் தேடி அலையிறோம். ஒரு தாத்தாவுக்கு நாலு பேரு கால் அமுக்குறாங்க, அவரு "விடுங்கடா, வலிக்குது!"ன்னு கத்துறாரு. ஒரே வாசல ஆறு பேரு கூட்டுறாங்க. கைப்புள்ளக்காரி ஒருத்தி, தூங்குற புள்ளைய ஆட்டுறேன்னு மூணு பேரு தொட்டில ஆட்டி எழுப்பிவிட்டதுல தலையில அடிச்சுக்கிட்டா. சைவக்காரங்க, "என்னா இன்னைக்கு வேதக்காரப் புள்ளைங்களுக்குப் பேய் புடிச்சிருச்சா?"ன்னு கேட்டாங்க. மாமா மக எல்லாரையும் மிஞ்சிட்டா. கோயிலுக்குள்ள கெடந்த சாணியப் புதுக் கவுனோட வெறுங்கையால அள்ளினா.

நான் மட்டும் ஒன்னும் செய்யல. பீலிக்கரையில உக்காந்திருந்தேன்.

பத்து மணிக்குச் சாமி மோட்டார் சைக்கிள்ல வந்தாரு. நல்லாச் சிரிக்கிற இளவயசுச் சாமி. கோயிலுக்குப் பின்னால சவுக்கு மரத்தடியில நாற்காலி போட்டு, புள்ளைங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காந்தாரு. நான் வரிசையில கடைசி. எனக்கு முன்னால ஒவ்வொரு புள்ளையா முட்டிக்கால் போட்டுச் சொல்லிட்டு எந்திரிக்குது. சாமி ஒரு கைலேஞ்சித் துணிய வாயில அமுக்கிக்கிட்டு குனிஞ்சே இருக்காரு. தோள் ரெண்டும் குலுங்குது. எங்க பாவத்துக்காகத்தான் சாமி அழறாருன்னு நெனச்சு, நான் இன்னும் ரெண்டடி பின்னால தள்ளி நின்னேன்.

என் முற வந்ததும் ஒன்னையும் விடாம கொட்டிட்டேன். கழிவு, பொறாம, தாப்பாள், எல்லாம். சாமி ரொம்ப நேரம் கைலேஞ்சிய எடுக்கவே இல்ல. அப்புறம், "அருள் நிறைந்த மரியே மந்திரம் மூணு தடவ சொல்லு. போ"ன்னாரு. அவ்வளவுதான்! அந்த எடத்துலயே மூணையும் சொல்லி முடிச்சிட்டு, பாரம் கொறஞ்சு, ஓட்டமும் நடையுமா முன்பக்கம் வந்தேன்.

வந்தா, கோயில் வாசல்ல கூட்டம். மாட்டுக்கார அத்த மாட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பெரிய கணக்கப்பிள்ள கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. உபதேசியார் கையில கடுதாசி. பின்னாலயே சாமியும் வந்துட்டாரு.

"சாமி, நீங்களே கேளுங்க சாமி"ன்னாங்க அத்த. "கதவு தொறந்து கெடந்துச்சு. அத யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க."

சாமிக்குத் தெரியும். அஞ்சு நிமிசத்துக்கு முன்னாலதான் நான் சொல்லியிருக்கேன். ஆனா பாவசங்கீர்த்தனத்துல கேட்டத ஒரு சாமி உசுரு போனாலும் வெளிய சொல்லக் கூடாது. கண்ணாலகூடக் காட்டக் கூடாது. அவரு ஆகாசத்தப் பாத்தாரு. செருப்பப் பாத்தாரு. என் பக்கம் மட்டும் பாக்கவே இல்ல. நான் சும்மா இருந்திருக்கலாம். பாவம் மன்னிச்சாச்சு, மந்திரம் சொல்லியாச்சு. இன்னும் அர மணி நேரத்துல பாலன் என் கையில.

உபதேசியார் கடுதாசிய நீட்ட, பெரிய கணக்கப்பிள்ள வாங்கி மடிச்சாரு. அத்த மாட்டோட கழுத்தத் தடவி, "வா ஆத்தா, நாம போவோம்"ன்னாங்க.

"நான்தான் தொறந்தேன்!"

அது என் சத்தம்னு எனக்கே லேட்டாத்தான் வெளங்குச்சு. எல்லாரும் திரும்பினாங்க. அதுக்கப்புறம் நிப்பாட்ட முடியல. "நான்தான் தாப்பாள் போடல. பொய் வைக்கோல உருவ வந்தேன். பாதி வைக்கோல் பொய். ஒறுத்தல் பண்ணாம எடுத்தது. மோட்சத்துலயும் தண்ணிக்கு, சாக்குக்குன்னு கழிப்பாங்கன்னு கூட வச்சேன்!"

அப்புறம் கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரு சிரிப்பு வெடிச்சுச்சு பாருங்க! அத்தன பேரும் பெரிய கணக்கப்பிள்ளையத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க. அவரு கோட்டுப் பொத்தானத் திருகிக்கிட்டே தன் கால் சப்பாத்தப் பாத்தாரு. அம்மா மட்டும் சிரிக்கல. என் முதுகுல சுளீர்னு ஒன்னு வச்சாங்க.

"மானத்த வாங்கிட்டியேடி!"

"அவள அடிக்காதீங்க அத்தே!" மாமா மக சாணிக் கையோட முன்னால வந்தா. மொகம் செவந்து போயிருந்துச்சு. "நானும் பன்னெண்டு வச்சேன்."

அவளுக்குப் பின்னால இருந்து ஒருத்தன், "நான் ஏழு." இன்னொருத்தி, "நான் எண்ணல." உபதேசியாரோட சொந்த மக அழுதுக்கிட்டே, "அப்பா, நான் இருவது." முப்பது புள்ளைங்கள்ல ஒன்னுகூட மிச்சம் இல்ல! உபதேசியார் படிக்கட்டுலயே உக்காந்துட்டாரு. அப்பத்தான் சாமி கைலேஞ்சிய எடுத்தாரு. இனி அவரு அடக்கணும்னு அவசியம் இல்லையே! கண்ணுல தண்ணி வர, மோட்டார் சைக்கிளப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. சவுக்கு மரத்தடியில அவரு அழல, சிரிப்ப அடக்கினாருங்கிறது எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அந்த அர மணி நேரமும் ஒரே பாவத்த முப்பது தரம் கேட்டிருக்காரு மனுசன்.

பெரிய கணக்கப்பிள்ள யாரும் கேக்காமலே கடுதாசியக் கிழிச்சு கோட்டுப் பொக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. உபதேசியார் எந்திரிச்சு அத்தைகிட்ட, "என்னா சொல்றதுன்னு தெரியலம்மா. நான் அவசரப்பட்டுட்டேன்"ன்னாரு. அந்தத் தொண்டையில இருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்து நான் கேட்டதே இல்ல.

"அது சரிங்க சாமி, இப்பப் பாலன யாரு தூக்குறது?"ன்னு அப்பா கேட்டாரு. பாவம், லயம் முழுக்கச் சொல்லிட்டு வந்த மனுசன்.

சாமி தகரத்தத் தொறந்து பஞ்ச விலக்கிப் பாலன எடுத்தாரு. எங்களப் பாத்தாரு. அத்தன தலையும் குனிஞ்சிருந்துச்சு. அவரு நேரா மாட்டுக்கார அத்தைகிட்ட போனாரு.

"கைய நீட்டுங்கம்மா. இன்னைக்குக் காலையில மொதல்ல இருந்தே இங்க உண்மையச் சொன்னது நீங்க ஒருத்தங்கதான்."

"ஐயோ சாமி, நான் சைவம்! கையெல்லாம் சாணி நாத்தம் வேற."

"அவரு பொறந்த எடத்துலயும் அதே நாத்தந்தாம்மா."

அத்த அவசர அவசரமா ரெண்டு கையையும் சேலையில தொடச்சாங்க. மாட்டுக் கயித்த என்ன பண்றதுன்னு சுத்தியும் முத்தியும் பாத்து, பக்கத்துல நின்ன என் கையில திணிச்சாங்க. "புடிச்சுக்கடி, விட்டுறாத"ன்னாங்க. கோவமா சொல்லல. எப்பவும் பேசுற மாதிரியே சொன்னாங்க.

நாங்கன்னா அந்தச் சுருவத்தத் தூக்கு விளக்கு மாதிரி முன்னால நீட்டிப் புடிச்சிருப்போம். அத்த அப்படிப் புடிக்கல. கழுத்துக்குக் கீழ கை குடுத்து, தல நிக்காத பச்சப் புள்ளைய ஏந்துற மாதிரி மார்போட சேத்து ஏந்தினாங்க. குடிலுக்கு முன்னால போயி நின்னவங்க, காலம்பற நாங்க சேத்த கொஞ்சூண்டு வைக்கோலப் பாத்துட்டு, "என்னாங்க இது, இந்தக் குளிர்ல புள்ளைய வெறும் பலகையிலயா போடுறது?"ன்னு உபதேசியாரையே அதட்டினாங்க. தோள்ல கெடந்த கம்பளிய எடுத்து நாலா மடிச்சு விரிச்சு, அதுல பாலன வச்சு, திடுக்கிடாம இருக்க நெஞ்சுல ரெண்டு தட்டுத் தட்டிட்டுத்தான் கைய எடுத்தாங்க.

உபதேசியார் நத்தார் பாட்ட எடுத்தாரு. கோயிலே சேந்து பாடுச்சு. மாட்டோட உள்ள போக முடியாதுல்ல, அதனால நான் வாசல்லயே நின்னேன். மாடு என் புதுக் கவுன் கையச் சப்பிக்கிட்டு இருந்துச்சு. அழுக வரும்னு பாத்தேன், வரல. எனக்குச் சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம். கயித்தக் கையில ரெண்டு சுத்துச் சுத்திப் புடிச்சுக்கிட்டு, உள்ள இருந்த அத்தன பேரையும் விடச் சத்தமா நான் பாடினேன்.